கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்: ஆட்டோமேட்டிக் எஸ்.யூ.வி.யின் கோளாறை அறிகுறி வழியே கண்டுபிடிப்பது

போன ஐப்பசி மழையில் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு டீசல் எஸ்.யூ.வி. ரெக்கவரி லாரியில் ஏறி என் ஷெட்டுக்கு வந்தது. கூடவே வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கையில் ஒரு எஸ்டிமேட். புது கியர்பாக்ஸ், நான்கரை லட்சம். “வண்டி மூணாவது கியர்லயே நிக்குதுங்க தம்பி. கியர்பாக்ஸ் போயிடுச்சு, வேற வழியில்லைன்னு சொல்லிட்டாங்க.”

பானெட்டைத் திறந்து பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தேன். எஞ்சின் ஓடாதபோது 11.8 வோல்ட். ஸ்டார்ட் செய்யும்போது 8.4க்கு விழுந்தது. நெகட்டிவ் டெர்மினல் பூத்துப் போயிருந்தது; ஸ்பானர் இல்லாமல் விரலால் திருகினாலே சுழன்றது. டெர்மினலைச் சுரண்டி, நல்ல பேட்டரி மாட்டி, ஸ்கேனரில் பதிவாகியிருந்த பிழைகளை அழித்துவிட்டு, சாரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாளையார் வரை போய்த் திரும்பினோம். ஆறு கியரும் ஒழுங்காக விழுந்தன. கியர்பாக்ஸின் கம்ப்யூட்டருக்கும், ஆயில் வழிகளை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டுகளுக்கும் வோல்டேஜ் குறைந்தால், பெட்டியைக் காப்பாற்றுவதற்காக அது ஒரே கியரில் வண்டியை நிறுத்திக்கொள்ளும். அன்று நடந்தது அவ்வளவுதான்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கெட்டே போகாது என்று நான் சொல்லவில்லை. கிளட்ச் கருகி, உலோகத் தூள் நிரம்பி வந்த பெட்டிகளையும் கழற்றியிருக்கிறேன். ஆனால் “பெட்டி போச்சு” என்று வருகிற வண்டிகளில் பலவற்றின் கோளாறு பெட்டிக்கு வெளியே இருக்கிறது. அதனால் நான் எப்போதும் ஒரே வரிசையில் பார்க்கிறேன்: பேட்டரி, ஆயில், ஸ்கேன், கடைசியாகத்தான் பெட்டி. செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போகும் வரிசை இது.

உங்கள் வண்டியில் இருப்பது எந்தப் பெட்டி?

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு விதமான பெட்டிகள் நம் ரோட்டில் ஓடுகின்றன. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் மற்றதற்கு ஆகாது. ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ-என், எக்ஸ்.யூ.வி. 700, டீசல் ஹாரியர் போன்றவற்றில் இருப்பது ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் பெட்டி. ஹோண்டா எலிவேட்டில் சி.வி.டி.; அதற்குள் கியரே கிடையாது, பெல்ட்டும் அகலம் மாறும் புல்லியும்தான். டி.சி.டி. என்றால் இரட்டைக் கிளட்ச். ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் பெட்டிதான், கிளட்சை மிதிப்பதும் கியர் போடுவதும் மட்டும் மெஷின். இதில் குழப்பம் என்னவென்றால், ஒரே மாடலில் மூன்று விதம் வரும். கிரெட்டாவில் டீசலுக்கு டார்க் கன்வர்ட்டர், சாதாரண பெட்ரோலுக்கு சி.வி.டி., டர்போ பெட்ரோலுக்கு டி.சி.டி. “என் ஃப்ரெண்டோட கிரெட்டாவுக்கு இந்த ஆயில்தான் ஊத்தினாங்க” என்று டப்பாவோடு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் இதுதான்.

கீழே சொல்வதில் பெரும்பகுதி டார்க் கன்வர்ட்டர் பெட்டிக்கு. மற்றவை தேவைப்படும் இடத்தில் வரும்.

டார்க் கன்வர்ட்டரை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும். இங்கே காற்றுக்குப் பதில் ஆயில். எஞ்சின் ஒரு பக்கத்தைச் சுழற்ற, ஆயில் அடித்து மறுபக்கம் சுழல்கிறது. அதே ஆயில்தான் பம்ப் அழுத்தத்தில் போய்க் கிளட்ச்சுகளை அமுக்குகிறது, கியர்களுக்கு வழுக்கல் கொடுக்கிறது, சூட்டை இழுத்துக் கூலருக்குக் கொண்டுபோகிறது. இத்தனை வேலையும் ஒரே ஆயில் தலையில் என்பதால்தான் அதைப் பார்க்காமல் எந்த அறிகுறியையும் நான் நம்புவதில்லை.

ஆயிலைப் பார்ப்பது

பழைய வண்டிகளில் டிப் ஸ்டிக் இருக்கும். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கையில் அடியில் உள்ள லெவல் போல்ட்டைக் கழற்ற வேண்டும். டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். ஆயில் போடும் பல பெட்டிகளுக்கு அந்தச் சூடு 35 முதல் 45 டிகிரி. சூட்டை ஸ்கேனரில்தான் பார்க்க முடியும். ஆயில் மெல்லிய நூலாக ஒழுகி, சொட்டாக மாறினால் அளவு சரி. ஒன்றுமே வராவிட்டால் குறைவு. கொட்டினால் அதிகம். சூடு ஏறிய வண்டியில் இதைச் செய்தால், ஆயில் விரிந்திருப்பதால் தேவைக்கு மேல் வடிந்துவிடும். பிறகு குறைவான ஆயிலோடு வண்டி ஓடும். அதிகம் ஊற்றுவதும் ஆபத்துதான். கியர்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையால் கிளட்ச்சை அமுக்க முடியாது.

லெவல் பார்க்கும்போது வடிகிற சொட்டை ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். நல்ல ஆயில் இளஞ்சிவப்பு வட்டமாகத் தாராளமாகப் பரவியிருக்கும். பழசானது பழுப்பாக, ஆனாலும் பரவியிருக்கும். இதற்கு மாற்றினால் போதும். நடுவில் கறுப்புப் பொட்டு அப்படியே உட்கார்ந்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் மட்டும் பரவியிருந்தால் கிளட்ச் துகள் கலந்திருக்கிறது. மோந்து பாருங்கள்: அடிப்பிடித்த பால் மாதிரிக் கருகல் வாடை வந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. எல்லா ஆயிலும் சிவப்பு இல்லை என்பதை மறக்க வேண்டாம். சில கம்பெனிகளின் ஆயிலும் பல சி.வி.டி. ஆயில்களும் பச்சை, நீலம், மஞ்சள் நிறங்களில் வரும். புதிதில் என்ன நிறம் என்று தெரிந்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ரோஸ்மில்க் நிறத்தில் கலங்கி வந்தால் அந்த நிமிடமே வண்டியை நிறுத்துங்கள். தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டது. பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயில் கூலர், ரேடியேட்டரின் உள்ளேயே ஒரு குழாயாக இருக்கும். உள்ளே விரிசல் விட்டால் ஆயிலும் கூலன்ட்டும் கலக்கும். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை வந்த நிஸான் பாத்ஃபைண்டர்களில் இந்தக் கோளாறு வழக்குவரை போனது. கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் காகித லைனிங் தண்ணீரைக் குடித்து ஊறி உரிந்துவிடும். ஆயிலை மட்டும் மாற்றிக் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று இங்கே நினைக்கக் கூடாது. ரேடியேட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பேனை, அதாவது பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை, கழற்றும் சந்தர்ப்பம் வந்தால் அதன் அடியில் உள்ள காந்தத்தைக் கண்ணால் பாருங்கள். விபூதியைக் குழைத்த மாதிரிச் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு; பல வருடத் தேய்மானம் அது. விரலால் தேய்த்தால் நெருடக் கூடாது. ஊசி மாதிரித் துண்டுகளோ, பேனில் பித்தளை நிறத்தில் மினுமினுப்போ தெரிந்தால்தான் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தம்.

“‘டி’ போட்டா ரெண்டு மூணு செகண்ட் கழிச்சுத்தான் இழுக்குது”

காலையில் முதல் முறை மட்டும் தாமதம், பிறகு சரியாகிறது என்றால் முதல் சந்தேகம் ஆயில் குறைவு. கூலர் ஹோஸ் கிளிப், ஆக்ஸில் சீல், பேன் கேஸ்கெட் மூன்றையும் துணியால் துடைத்துவிட்டு, ஒரு நாள் ஓட்டிய பிறகு மறுபடி பாருங்கள். கசிவு இருந்தால் அங்கே புதிதாக ஈரம் தெரியும். லெவல் சரியாக இருந்தும் தாமதம் என்றால் ஃபில்டர் அடைப்பு, அல்லது உள்ளே ரப்பர் சீல்கள் விறைத்துப் போயிருக்கின்றன. சீல் விறைத்த பெட்டி குளிரில் மோசமாகவும் சூடேறிய பின் சுமாராகவும் இருக்கும். எல்லா நேரமும் தாமதம், ‘ஆர்’ போட்டாலும் அப்படியே என்றால் பம்ப் அழுத்தத்தை கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு விஷயம். அதிகாலை ஊட்டிக் குளிரில் ஸ்டார்ட் செய்து கிளம்பினால் முதல் சில கிலோமீட்டர் கியர் தாமதமாக ஏறும், ஆர்.பி.எம். கொஞ்சம் அதிகமாக இருக்கும். ஆயில் சூடேறும்வரை கம்ப்யூட்டர் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறது. இதற்காக யாரும் ஷெட்டுக்கு வர வேண்டியதில்லை.

“‘டி’யிலிருந்து ‘ஆர்’ மாத்தினா டொக்குனு அடிக்குது”

எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள். சமதளத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ஒருவர் ‘டி’யும் ‘ஆரும்’ மாற்றி மாற்றிப் போட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் ஒரு விரலகலம் அசைவது சரி. தூக்கிப்போட்டு உட்கார்ந்தால் மவுண்ட் கிழிந்திருக்கிறது.

பின்சக்கரம் இழுக்கும் எஸ்.யூ.வி. என்றால் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸைப் பாருங்கள். வண்டி நகராமல் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, அடியில் போய் ஷாஃப்ட்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகினால் ஆட்டம் தெரிந்துவிடும். ஐடிலிங் ஆர்.பி.எம். அதிகமாக இருந்தாலும் கியர் போடும்போது அடிக்கும். மூன்றும் சரியாக இருந்தால்தான் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டுக்கும், ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வ் பாடிக்கும் போக வேண்டும்.

“ஆர்.பி.எம். ஏறுது, வண்டி ஏறல”

இதை ஒத்திப்போடாதீர்கள். மேனுவல் வண்டியில் கிளட்ச் வழுக்குவது போலத்தான் இதுவும். வழுக்கும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் தட்டு சூடாகி, தேய்ந்து, அந்தத் தூள் ஆயிலில் கலந்து, வால்வ் பாடிக்குள் போய் அடைக்கிறது. இன்று ஒரே ஒரு கியரில் இருக்கும் வழுக்கல் சில வாரத்தில் மற்றவற்றுக்கும் பரவுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கியரில் வழுக்குகிறது என்று கவனியுங்கள். மேனுவல் மோடில் போட்டு, காலி ரோட்டில் ஒவ்வொரு கியராக மெதுவாக ஏற்றினால் தெரியும். எல்லாக் கியரிலும் வழுக்கினால் பொதுவான காரணம்: ஆயில் குறைவு, ஃபில்டர் அடைப்பு, பம்ப். குறிப்பிட்ட இரண்டு கியர் மாறும்போது மட்டும் ஆர்.பி.எம். துள்ளினால் அந்தக் கியருக்கான கிளட்ச்சோ சோலனாய்டோ. ஸ்கேனரில் பி0730 வரிசைப் பிழை விழுந்திருந்தால், கம்ப்யூட்டர் எதிர்பார்த்த வேக விகிதம் கிடைக்கவில்லை என்று பொருள். வழுக்கலுக்கு அது சாட்சி.

ஆயில் கறுத்துக் கருகல் வாடை வந்து, வழுக்கலும் இருந்தால் ஆயில் மாற்றிச் சரியாகும் என்ற நம்பிக்கை வேண்டாம். தேய்ந்த லைனிங்கைப் புது ஆயில் திருப்பித் தராது. “ஆயில் மாத்தினதும்தான் கெட்டுச்சு” என்ற பேச்சு பிறப்பது இப்படிப்பட்ட வண்டிகளிலிருந்துதான். ஏற்கெனவே போன கிளட்ச்சுக்குக் கடைசி நேரத்தில் ஆயில் மாற்றியிருப்பார்கள். பழி ஆயில் மேல் விழும்.

“எழுபது எண்பதுல போனா நடுங்குது”

அறிகுறிகளிலேயே அதிகமாகத் தப்பாகப் படிக்கப்படுவது இதுதான். வீல் பேலன்ஸ் செய்து, டயர் மாற்றி, இன்ஜெக்டர் கழற்றி, எல்லாச் செலவும் முடிந்து கடைசியில் என்னிடம் வருவார்கள். ரோட்டில் ஓரமாகப் போட்டிருக்கும் வரிமேடு மேல் சக்கரம் ஏறினால் ஒரு சில நொடி டர்ர்ர் என்று அதிருமே, அப்படி ஒரு நடுக்கம். லேசான ஆக்ஸிலேட்டரில், லேசான ஏற்றத்தில் வரும். அழுத்தி மிதித்தாலும் காலை எடுத்தாலும் போய்விடும்.

டார்க் கன்வர்ட்டருக்குள் ஒரு லாக்-அப் கிளட்ச் இருக்கிறது. சீரான வேகத்தில் ஆயிலை நம்பாமல் எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பிணைப்பதற்காக. ஆயிலின் குணம் கெட்டாலோ, கொஞ்சம் தண்ணீர் கலந்தாலோ இந்தக் கிளட்ச் ஒரே சீராகப் பிடிக்காமல் பிடித்து விட்டு, பிடித்து விட்டு அதிரும்.

சோதனை சுலபம். பின்னால் வண்டி வராத நேரான ரோட்டில், நடுக்கம் வரும் வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அசைக்காமல் வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக் பெடலைத் தொட்டும் தொடாமலும் அமுக்குங்கள். பிரேக் விளக்கு எரிந்தால் போதும், வண்டி மெதுவாகக் கூடாது. பிரேக் சிக்னல் கிடைத்ததும் கம்ப்யூட்டர் லாக்-அப்பை விடுவிக்கும். ஆர்.பி.எம். ஒரு இருநூறு முந்நூறு ஏறி, நடுக்கம் அந்த நொடியே நின்றால் குற்றவாளி லாக்-அப்தான். நிற்காமல் தொடர்ந்தால் டயர், ஆக்ஸில், எஞ்சின் பக்கம் போங்கள்.

லாக்-அப் என்று உறுதியானால் முதல் வைத்தியம் ஆயில் மாற்றுவது. ஆரம்ப நிலையில் பிடித்தால் பல வண்டிகள் இதிலேயே குணமாகின்றன. வருடக்கணக்கில் நடுங்கவிட்டு பி0741 பிழையும் விழுந்த பிறகு வந்தால் டார்க் கன்வர்ட்டரையே மாற்ற வேண்டி வரலாம்.

“ஒரே கியர்ல நிக்குது, மீட்டர்ல லைட் எரியுது”

பொள்ளாச்சி வண்டியின் கதை. முதலில் பேட்டரி: வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜ் குறைவு. எஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். புது வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துவதால் இது சற்று ஏறி இறங்கும். டெர்மினலும் எர்த் ஒயரும் இறுக்கமாக இருக்கட்டும்.

பிறகு ஸ்கேன். பி0700 என்று மட்டும் யாராவது காட்டினால் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் படி’ என்பது மட்டுமே அதன் அர்த்தம். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய்ப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். பி0562 என்றால் வோல்டேஜ் குறைவு. பி0715 வந்தால் உள்ளே வரும் வேகத்தை அளக்கும் சென்சாரும் அதன் ஒயரிங்கும். பி0218 என்றால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. பிழையை அழிப்பதற்கு முன் ஃபோனில் படம் பிடித்து வையுங்கள். அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும்.

எலி கடித்த ஒயரையும் மறக்காதீர்கள். தோப்பு வீடுகளில் நிற்கும் வண்டிகளில் சென்சார் ஒயரை எலி துண்டித்திருப்பது எனக்குப் பழகிப்போன காட்சி.

“‘பி’யிலிருந்து வெளியே வரமாட்டேங்குது”

யாரையாவது பின்னால் நிற்கவைத்து பிரேக்கை மிதியுங்கள். பிரேக் விளக்கு எரியவில்லை என்றால் கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம். பிரேக் சுவிட்ச் அல்லது ஃபியூஸ். பிரேக் மிதித்தது தெரியாததால் லீவர் பூட்டியே இருக்கிறது. பல வண்டிகளில் லீவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து சாவியால் அமுக்கினால் அவசரத்துக்கு விடுபடும். பிரேக் விளக்கு இல்லாமல் ரோட்டில் ஓட்டுவது ஆபத்து என்பதால் பக்கத்து ஷெட் வரைக்கும் மட்டும்.

சரிவில் நிறுத்தியபோது மட்டும் லீவர் இறுகி, எடுக்கும்போது டமார் என்று சத்தம் வந்தால் நிறுத்தும் முறையில் பிசகு. ‘பி’யில் வண்டியின் மொத்த எடையையும் தாங்குவது ஒரு சின்ன உலோகக் கொக்கி. பிரேக் மிதித்தபடி ‘என்’னுக்கு வந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை மெல்ல விட்டு வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்த பிறகு ‘பி’ போடுங்கள்.

“வளைவுல திருப்பினா இழுத்துப் பிடிக்குது”

ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்கள் கியர்பாக்ஸ் என்று நினைத்து வரும் புகார். மஹிந்திரா தார் போன்ற பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவில், காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹையில் ஓட்டக் கூடாது. திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். நடுவில் அந்த வித்தியாசத்தைத் தாங்க டிஃபரன்ஷியல் இல்லாததால் மொத்த இணைப்பும் முறுக்கிக்கொள்ளும். நேராக ஒரு பத்தடி ரிவர்ஸ் எடுத்து, இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹைக்கு மாற்றினால் தளர்ந்துவிடும். நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் என்பதும் இதில் சேர்த்தி. இரண்டு புதுசு, இரண்டு மொட்டை என்று போட்டால் ஆல் வீல் டிரைவ் வண்டியில் முன்னையும் பின்னையும் பிணைக்கும் கப்ளிங் ஓயாமல் உழைத்துச் சூடாகும்.

மலையும் டிராஃபிக்கும்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு 70. ஏழு பேரும் சாமானும் ஏற்றிக்கொண்டு ஏறும்போது, ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து லாக்-அப் விட்டு, டார்க் கன்வர்ட்டர் வழுக்கி வழுக்கித்தான் வண்டியை இழுக்கும். அந்த வழுக்கல் முழுக்கச் சூடாக மாறி ஆயிலில் இறங்கும். சாதாரணமாக 80லிருந்து 95 டிகிரிக்குள் ஓடும் ஆயில் அங்கே 120ஐத் தாண்டலாம். அந்தச் சூட்டில் ஆயில் வேகமாகக் கெட்டு, பிசின் மாதிரிப் படிய ஆரம்பிக்கும்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பெட்டி தாவிக்கொண்டே இருந்தால் மேனுவல் மோடில் போட்டு இரண்டிலேயே நிறுத்தி ஏறுங்கள். இறங்கும்போதும் அப்படியே இரண்டிலேயே வாருங்கள். ‘என்’னில் போட்டு உருட்டுவது உயிரோடு விளையாடுவது. எஞ்சின் பிடிமானம் போய் முழுப் பாரமும் பிரேக்கில் விழும், பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும். ஏற்றத்தில் முன்வண்டி நின்றால், ஆக்ஸிலேட்டரை அரைகுறையாக மிதித்து வண்டியைத் தாங்கி நிறுத்தாதீர்கள். பிரேக்கை மிதியுங்கள். ஆக்ஸிலேட்டரில் தாங்கி நிறுத்துவது டார்க் கன்வர்ட்டரில் ஆயிலைக் கொதிக்கவைக்கும். உலர் கிளட்ச் டி.சி.டி.யில் கிளட்ச்சையே எரிக்கும்.

டி.சி.டி. வைத்திருப்பவர்கள் டிராஃபிக்கிலும் இதை நினைவில் வைக்க வேண்டும். முன்வண்டி அரையடி நகர்ந்ததும் நாமும் அரையடி நகர்வதை விட்டு, இரண்டு கார் நீளம் இடைவெளி விழுந்த பிறகு ஒரேயடியாக நகருங்கள். கியர்பாக்ஸ் சூடு என்று மீட்டரில் எச்சரிக்கை வந்தால், ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் ‘பி’யில் போட்டு எச்சரிக்கை மறையும்வரை காத்திருங்கள்.

ஆயில் எப்போது, எப்படி மாற்றுவது

‘லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்ற பேச்சை நம்பி 1,50,000 கிலோமீட்டர் ஓட்டி வருகிறார்கள். கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்தில் ஆயில் மாற்றச் சொல்கிறது. நம் ஊர் வெயில், டிராஃபிக், மலை மூன்றையும் கணக்கில் எடுத்து, டார்க் கன்வர்ட்டர் பெட்டிக்கு 60,000லிருந்து 80,000க்குள் மாற்றச் சொல்வது என் வழக்கம். உங்கள் மேனுவலில் ‘கடினமான பயன்பாடு’ என்று தனியாகக் கொடுத்திருக்கும் இடைவெளியைத்தான் நாம் பின்பற்ற வேண்டும். நம் ஓட்டம் அதுதான்.

வடித்து ஊற்றும்போது முழு ஆயிலும் வராது. மிச்சம் டார்க் கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கும். மொத்தம் 7 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் ஒரு தடவைக்கு 3 லிட்டர் வடிகிறது என்று வையுங்கள். முதல் தடவையில் 43 சதவீதம் புதுசு. நடுவில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இரண்டாம் தடவை செய்தால் 67, மூன்றாம் தடவையில் 81. ரொம்ப காலம் கவனிக்காத வண்டிக்கு மெஷின் வைத்து அழுத்தத்தில் அடித்துக் கழுவுவதைவிட இந்தப் பொறுமையான வழியே எனக்குப் பிடிக்கும். படிந்த தூளை ஒரேயடியாகக் கிளப்பி வால்வ் பாடிக்குள் தள்ள நான் விரும்புவதில்லை.

டப்பாவில் எழுதியிருக்கும் குறியீடு மேனுவலோடு பொருந்த வேண்டும். டபிள்யூ.எஸ். கேட்கும் பெட்டிக்கு டபிள்யூ.எஸ்., எஸ்.பி-4 கேட்கும் பெட்டிக்கு எஸ்.பி-4. சி.வி.டி.க்கு சி.வி.டி. ஆயில் மட்டும், சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலான ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட்டுக்குத் தேவையான பிடிப்புக் கிடைக்காது. மாற்றிய பின், பழைய ஆயிலுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் கற்றுவைத்திருந்ததை ஸ்கேனரில் அழித்துவிட்டு, முதல் ஐம்பது கிலோமீட்டர் மென்மையாக ஓட்டுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் பார்த்ததுதான். கியர்பாக்ஸ் மேலே மூச்சுவிட ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. சூடாக இருந்த பெட்டி தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இழுவை உண்டாகி அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் அந்த உயரம் வந்திருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் வடிகால் போல்ட்டைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தனியாக நிற்கிறதா, நிறம் கலங்கியிருக்கிறதா பார்த்த பிறகுதான் மற்றது. கட்டி இழுக்கும்போது பெட்டியோடு இணைந்த சக்கரம் தரையில் உருளக் கூடாது. எஞ்சின் ஓடாமல் பம்ப் ஓடாது, பம்ப் ஓடாமல் பெட்டிக்குள் எண்ணெய் போகாது. நான்கு சக்கரமும் மேலே ஏறும் லாரிதான் வேண்டும்.

எல்லாம் பார்த்தும் பெட்டியை இறக்கியே ஆக வேண்டும் என்றால்

எஸ்டிமேட் தருகிறவரிடம் மூன்றைக் கேளுங்கள். ஸ்கேன் பிழைகளின் படம், டிஷ்யூவில் விட்ட ஆயில் சொட்டு, கழற்றிய பேனும் காந்தமும். காட்டத் தயங்குகிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சோலனாய்டோ வால்வ் பாடியோ மட்டும் மாற்றினால் போதுமா என்றும் கேளுங்கள். பல பெட்டிகளில் பேனைக் கழற்றினாலே வால்வ் பாடி கைக்கு எட்டும், பெட்டியை இறக்க வேண்டியதே இல்லை.

கிளட்ச் கருகியதால்தான் பெட்டியைப் பிரித்துப் புதுப்பிக்கிற ரீபில்ட் வேலை என்றால் டார்க் கன்வர்ட்டரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஆயில் கூலரையும் மாற்ற வேண்டும், முடியாவிட்டால் சுத்தமாகக் கழுவியாவது மாட்ட வேண்டும். பழைய பெட்டி துப்பிய தூள் அத்தனையும் அந்த இரண்டிலும்தான் தங்கியிருக்கிறது. அப்படியே விட்டால், புது கிளட்ச் போட்ட பெட்டிக்குள் முதல் நாளே அந்தத் தூள் திரும்பி வந்துவிடும்.